‘இப்போது இல்லை’ என்று சொல்லத் தெரிந்த ஃபர்ம்வேர்

புதிதாக வாங்கிய ஒரு ரவுட்டரை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து முதல்முறையாக மின்சாரத்தில் செருகுகிறீர்கள். அடுத்த சில வினாடிகளுக்குள் அது தனக்கென்று ஒரு ரகசியச் சாவியை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். சாவி என்பது ஒரு பெரிய எண், அவ்வளவுதான். அதை வேறு எவராலும் ஊகிக்க முடியக் கூடாது என்பதுதான் நிபந்தனை. ஊகிக்க முடியாத ஒன்றை உண்டாக்க அந்த ரவுட்டரிடம் என்ன சரக்கு இருக்கிறது? கீபோர்டு கிடையாது, மவுஸ் கிடையாது, சுழலும் டிஸ்க் கிடையாது. பேட்டரி வைத்த கடிகாரம் இல்லாததால், பல ரவுட்டர்கள் விழிக்கும்போதெல்லாம் இன்று 1970 ஜனவரி 1 என்றே நம்புகின்றன. உள்ளே இருக்கும் மென்பொருளோ, அதே மாடலில் வந்த ஆயிரமாயிரம் பெட்டிகளில் இருப்பதன் அச்சு நகல்.

இது வெறும் கற்பனைக் கவலை இல்லை. 2012ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தையும் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்துப் பொதுச் சாவிகளைத் திரட்டினார்கள். ஆர்எஸ்ஏ முறையில் பொதுச் சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வருவது. பெருக்கிய விடையிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆனால் இருவேறு சாவிகளில் ஒரே ஒரு பகா எண் பொதுவாக அமைந்துவிட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த மீப்பெரு பொதுக் காரணிக் கணக்கே போதும். இரண்டு சாவிகளும் உடைந்துவிடும். இணையத் தொடர்பை மறையாக்கும் டிஎல்எஸ் முறையைப் பயன்படுத்தியவையாக அவர்கள் பார்த்த கணினிகளில் 0.50 சதவீதத்தின் ரகசியச் சாவி இப்படிக் கைக்கு வந்தது. பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் போன்ற, திரையோ கீபோர்டோ இல்லாத சிறு கருவிகள். இரண்டு பெட்டிகள் விழித்தெழும்போது ஒரே நிலையில் இருந்ததால் முதல் பகா எண் ஒன்றாகவே வந்திருக்கிறது. அதற்குள் ஒரு நெட்வொர்க் பாக்கெட் வந்துசேர்ந்ததோ கடிகாரம் ஒரு வினாடி நகர்ந்ததோ, இரண்டாவது எண் மட்டும் வேறானது. இரண்டுமே ஒன்றாக வந்திருந்தாலாவது, அண்டை வீட்டுக்காரன் சாவியே நமக்கும் என்று விட்டிருக்கலாம். ஒன்று பொதுவாகி ஒன்று மாறியதால் சாவிகள் ஊருக்கே திறந்துவிட்டன.

கணினி என்பது சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். அதற்குள்ளிருந்து தற்செயலை வரவழைக்க முடியாது. வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். லினக்ஸ் கெர்னல் தொண்ணூறுகளிலிருந்தே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. விசை எப்போது அழுத்தப்பட்டது, டிஸ்க் எப்போது பதில் சொன்னது, கருவிகள் பிராசஸரைக் கூப்பிடும் இன்டரப்ட் எந்த நொடித்துளியில் வந்தது என்று நேர வித்தியாசங்களைச் சேகரித்து ஒரு குளத்தில் கலக்கும். குளத்தில் எவ்வளவு ‘என்ட்ரோபி’ சேர்ந்திருக்கிறது, அதாவது எதிராளியால் ஊகிக்க முடியாத பிட்டுகள் எத்தனை, என்று ஒரு மதிப்பீடும் வைத்துக்கொள்ளும். போதுமான அளவு சேர்ந்துவிட்டால் அதை விதையாகக் கொண்டு எத்தனை கோடி எண் வேண்டுமானாலும் உற்பத்தி செய்யலாம். ஒருமுறை நல்ல விதை கிடைத்துவிட்டால் அதன்பின் பஞ்சமே இல்லை. சிக்கல் முழுவதும் முதல் விதையில்தான். அதுவும் கணினி விழித்த முதல் சில வினாடிகளில்.

2012 ஆய்வுக்குப் பிறகு லினக்ஸ் சில ஒட்டுகளைப் போட்டது. நெட்வொர்க் அட்டையின் முகவரி, கருவியின் வரிசை எண் போன்றவற்றையும் குளத்தில் கலக்கத் தொடங்கியது. இதனால் இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரி இருக்கும் வாய்ப்பு குறைந்தது. ஆனால் வேறுபட்டிருப்பது ஒன்று, ரகசியமாக இருப்பது வேறொன்று. வரிசை எண் பெட்டியின் அடியிலேயே ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கிறது.

2014ல், நிரல்கள் கெர்னலிடம் ரேண்டம் எண் கேட்பதற்கான கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் வந்தது. குளம் நிறையும்வரை கேட்டவரைக் காக்க வைப்பது இதன் கொள்கை. நியாயமான கொள்கைதான், ஆனால் 2019ல் அது காலை வாரியது. ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒருவர் நல்லெண்ணத்துடன் ஒரு மேம்பாடு செய்தார். கணினி தொடங்கும்போது டிஸ்க்கைத் தொடும் தடவைகள் குறைந்தன. டிஸ்க் குறைவாக வேலை செய்தால் இன்டரப்ட் குறையும், இன்டரப்ட் குறைந்தால் குளம் நிறையாது. சில கணினிகளில் லாகின் திரைக்கு முந்தைய நிரல் ஒரு ரேண்டம் எண் கேட்டுவிட்டு உட்கார்ந்தது. எண் வருவதற்கு யாராவது விசையைத் தட்ட வேண்டும். திரையே வராததால் யாரும் தட்டவில்லை. வேகத்தைக் கூட்டியதால் இயந்திரம் நின்றுபோன விந்தை அது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் அந்த மேம்பாட்டைத் திரும்பப் பெற்றார். அடுத்த பதிப்பான 5.4ல், பிராசஸரின் சொந்த நேரத் தடுமாற்றத்திலிருந்தே கொஞ்சம் என்ட்ரோபியைக் கறந்துகொள்ளும் ஒரு நிரல்துண்டைச் சேர்த்தார். அதன் தரம் பற்றிய வாக்குவாதம் இன்றைக்கும் ஓயவில்லை.

இதற்கெல்லாம் நேரான மருந்து, சிப்பிலேயே ஒரு தற்செயல் ஊற்றை வைத்துவிடுவது. மின்சுற்றில் வெப்பத்தால் எழும் இரைச்சல் உண்மையிலேயே ஊகிக்க முடியாதது. இன்டெல் 2012ல் ஐவி பிரிட்ஜ் பிராசஸர்களோடு ஆர்டிரேண்ட் என்ற கட்டளையைக் கொடுத்தது: ஒரே கட்டளை, ஒரு ரெஜிஸ்டரில் விடை. அது உள்ள எல்லா இன்டெல் பிராசஸரிலும் ஒரே மாதிரி. ஆர்ம் உலகத்தில் அப்போது இந்த வசதி இல்லை. ஆர்ம் நிறுவனம் பெரும்பாலும் பிராசஸரின் வடிவமைப்பைத்தான் தருகிறது. அதைச் சுற்றி சிப்பை அமைப்பவர்கள் வேறு பல நிறுவனங்கள். அவர்களில் பலரும் தங்கள் சிப்பில் ஒரு ரேண்டம் எண் பகுதியை வைக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவருடையது ஒரு முகவரியில், இன்னொருவருடையது வேறொன்றில். ஒன்றுக்குத் தனிக் கடிகாரச் சைகையை முடுக்கிவிட வேண்டும், இன்னொன்றில் முதலில் வரும் எண்களை எறிந்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கெர்னலில் தனி டிரைவர். அந்த டிரைவர் ஏறி வேலை தொடங்குவதற்குள் கெர்னல் பாதி எழுந்துவிடுகிறது. அதற்கு முன்பே விதை கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதைவிடச் சங்கடமான விஷயம் ஒன்று இருக்கிறது. ஆர்ம் சிப்புக்குள் இரண்டு உலகங்கள் உண்டு. ஒன்று லினக்ஸும் ஆண்ட்ராய்டும் ஓடும் சாதாரண உலகம். மற்றொன்று டிரஸ்ட்ஸோன் எனப்படும் காப்பு உலகம். கைரேகைச் சரிபார்ப்பு, பணப் பரிமாற்றச் சாவிகள் போன்றவை அங்கே இருக்கும். காப்பு உலகத்துக்கும் ரேண்டம் எண் வேண்டும். சொல்லப்போனால் அதற்குத்தான் அதிகம் வேண்டும். சிப்பிலோ ஊற்று ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கு ஒரே கிணறு என்றால் என்னென்ன தகராறு வருமோ அத்தனையும் இங்கே வரும். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று லினக்ஸ் டிரைவர் அந்தப் பகுதியின் கடிகாரத்தை நிறுத்தினால், அதே நேரத்தில் காப்பு உலகம் அதில் கையை விட்டிருந்தால் என்ன ஆவது? சாதாரண உலகத்தில் ஊடுருவிய ஒருவர் ஊற்றின் அமைப்பையே மாற்றிவைத்தால்? ஆகவே பல சிப் நிறுவனங்கள் கிணற்றைக் காப்பு உலகத்தின் மதிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டன. லினக்ஸின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஆகவே சாதாரண உலகம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேண்டும். உள்ளிருப்பவர், அதாவது சிப்போடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேர், மொண்டு கொடுக்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதை எல்லோருக்கும் பொதுவாக எழுதிவைத்ததுதான் ஆர்ம் நிறுவனம் வெளியிட்ட ‘டிஆர்என்ஜி ஃபர்ம்வேர் இடைமுகம்’ என்ற சிறிய ஆவணம். லினக்ஸ் 2021ல் தன் 5.12 பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. பல நிறுவனங்கள் தங்கள் ஃபர்ம்வேருக்கு அடிப்படையாகக் கொள்ளும் திறந்தமூலத் திட்டமான டிரஸ்டட் ஃபர்ம்வேர்-ஏவும் அதே காலத்தில் மதிலுக்கு உள்ளிருந்து பதில் சொல்லும் பகுதியை எழுதிச் சேர்த்தது.

ஆர்ம் பிராசஸரில் அதிகாரப் படிகள் நான்கு. கடைசிப் படியான இஎல்0ல் நாம் பயன்படுத்தும் செயலிகள், இஎல்1ல் கெர்னல், இஎல்2ல் பல கெர்னல்களை ஒரே கணினியில் ஓட்டும் ஹைப்பர்வைசர், உச்சியான இஎல்3ல் ஃபர்ம்வேர். கீழிருப்பவர் மேலே கேட்க எஸ்எம்சி என்ற ஒரு கட்டளை உண்டு. கேள்வி எண்ணை முதல் ரெஜிஸ்டரில் வைத்து அந்தக் கட்டளையை இயக்கினால் பிராசஸர் நேரே உச்சிப்படிக்குத் தாவும். ஃபர்ம்வேர் விடையை ரெஜிஸ்டர்களில் நிரப்பித் திருப்பி அனுப்பும். கேள்வி எண்ணும் அர்த்தமில்லாத எண் அல்ல. 32 பிட்டில் உச்சி பிட் ‘இது வேகக் கேள்வி, இடையில் நிறுத்தாதே’ என்கிறது. அதற்கு அடுத்த பிட் கேட்பவர் 32 பிட் கணக்கா 64 பிட் கணக்கா என்பதைச் சொல்கிறது. அதற்கடுத்த 6 பிட்டுகள் எந்தத் துறைக்கான கேள்வி என்று காட்டுகின்றன. 4 என்றால் காப்பு உலகத்தின் பொதுச் சேவை. ரேண்டம் எண்ணுக்கான கேள்விகள் பதினாறடிமான எண் 84000050ல் தொடங்குகின்றன. அரசு அலுவலகத்தில் கோப்பு எண்ணைப் பார்த்தே துறை, பிரிவு, ஆண்டு சொல்லிவிடுவார்களே, அந்த மாதிரி.

கேள்விகள் கைவிரலுக்குள் அடங்கும். பதிப்பு என்ன? இன்ன வசதி உண்டா? ஊற்றின் அடையாள எண் என்ன? கடைசியாக, காரியத்துக்கான கேள்வி: எனக்கு இத்தனை பிட் கொடு. 64 பிட் கணக்கில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 192 பிட் கேட்கலாம். மூன்று ரெஜிஸ்டர்கள் நிறைய. 32 பிட் கணக்கில் 96. நான் முதலில் படித்தபோது இது கஞ்சத்தனமாகத்தான் பட்டது. பெரிய நினைவகப் பகுதியின் முகவரியைக் கொடுத்து ‘இதை நிரப்பு’ என்று சொல்ல விட்டிருக்கலாமே? யோசித்தால் காரணம் புரிகிறது. கீழ்ப்படியிலிருப்பவர் சொல்லும் முகவரியில் உச்சிப்படி எழுத ஆரம்பித்தால், எங்கே எழுத வைக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் ஒரு ஓட்டை விட்டால் கதை முடிந்தது. ரெஜிஸ்டரில் மட்டும் கொடுப்பதென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தவிர, விதைக்கு 256 பிட் இருந்தால் தாராளம். இரண்டு முறை கேட்டால் முடிந்துபோகும் விஷயம்.

கொடுக்கிற பிட்டுகளின் தரத்திலும் ஆவணம் கறாராக இருக்கிறது. ஊற்றிலிருந்து நேராக வரும் இரைச்சலில் 0 கொஞ்சம் அதிகமாகவோ 1 கொஞ்சம் அதிகமாகவோ இருக்கும். அதைச் சுத்திகரித்து, ஒவ்வொரு பிட்டும் முழு என்ட்ரோபி உள்ளதாகக் கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த பிட்டை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. எச்சில் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டே, சுத்தத்தில் அதே கண்டிப்பு.

பிழைச் சொற்கள் மொத்தம் மூன்றுதான்: இந்தச் சேவை இங்கே இல்லை, நீ கேட்ட விதம் தவறு, என்ட்ரோபி இப்போது இல்லை. இந்த இடைமுகத்தின் உயிர் மூன்றாவது சொல்லில் இருப்பதாக எனக்குப் படுகிறது. இரைச்சலைச் சேகரித்துச் சுத்திகரிக்க நேரம் பிடிக்கும். நாலைந்து கோர்கள் அடுத்தடுத்துக் கேட்டால் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்போது ஃபர்ம்வேர் என்ன செய்யலாம்? சேரும்வரை காத்திருக்கலாம். ஆனால் பிராசஸர் உச்சிப்படியில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கோரில் லினக்ஸ் உறைந்து நிற்கிறது; இன்டரப்டுகள் வாசலில் காத்துக் கிடக்கும், ஆடியோ விட்டுவிட்டுக் கேட்கும். இருப்பதைக் கொண்டு ஒப்பேற்றி அரைகுறை எண்ணைக் கொடுக்கலாம், அது மோசடி. மிச்சமிருக்கும் ஒரே நேர்மையான பதில் ‘இப்போது இல்லை, பிறகு கேள்’ என்பதுதான். அதைச் சொல்ல ஒரு சொல்லை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் ஆர்மிலிருந்து இல்லை, ஏஎம்டியிலிருந்து. ஏஎம்டி பிராசஸர்களிலும் உள்ள ஆர்டிரேண்ட் கட்டளையில் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்ல ஒரு கொடி பிட் உண்டு. 2019ல் வந்த ரைசன் 3000 வரிசை பிராசஸர்களில், முதலில் இருந்த ஃபர்ம்வேரோடு, அந்தக் கட்டளை ஒவ்வொரு முறையும் எல்லா பிட்டும் 1 ஆகிய ஒரே எண்ணைத் தந்தது. கொடியோ ‘வெற்றி’ என்று நிமிர்ந்து நின்றது. சில லினக்ஸ் கணினிகள் தொடங்கவே மறுத்தன, ஒரு பிரபல வீடியோ கேம் திறக்கவில்லை, மதர்போர்டு ஃபர்ம்வேர் புதுப்பிப்பு வந்த பிறகுதான் சரியானது. இல்லை என்று சொல்லியிருந்தால் மென்பொருள் வேறு வழி தேடியிருக்கும்.

ஃபர்ம்வேரிடம் கேட்பது என்றதும் எழும் சந்தேகம் வேறு: அதை எப்படி நம்புவது? 2013ல் அமெரிக்க உளவு அமைப்பு ரேண்டம் எண் தரநிலை ஒன்றில் பின்கதவு வைத்த செய்தி வெளியானபோது, ஆர்டிரேண்டை லினக்ஸிலிருந்து நீக்கச் சொல்லி ஒரு மனுவே போட்டார்கள். டோர்வால்ட்ஸ் தமக்கே உரிய கடுஞ்சொல்லில் மறுத்தார். பல ஊற்றுகளைக் கலக்கும் குளத்தில் அதுவும் ஒன்று, கெட்டதாகவே இருந்தாலும் மற்றவற்றைக் கெடுக்காது என்பது அவர் வாதம். இன்னொரு திறந்தமூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி வேறு பாதையில் போனது. அதே ஆண்டு, சிப் தரும் எண்ணைத் தங்கள் கலவையின் வழியே அல்லாமல் நேராகப் பயன்படுத்துவதில்லை என்று முடிவெடுத்தது. இரண்டு முடிவுகளும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதை அப்போது பலர் கவனிக்கவில்லை. இரண்டுமே கலந்துகொள்ளச் சொல்கின்றன, அப்படியே விழுங்க வேண்டாம் என்கின்றன.

உச்சிப்படி விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இஎல்3ல் இருப்பவருக்குச் சாதாரண உலகத்தின் நினைவகம் முழுவதும் திறந்த புத்தகம். உங்கள் சாவியைத் திருட நினைத்தால் அவர் கெட்ட ரேண்டம் எண் கொடுத்துச் சுற்றி வளைக்க வேண்டியதில்லை, சாவியையே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஃபர்ம்வேரிடம் விதை கேட்பதால் புதிதாக யாரையும் நம்பத் தொடங்குவதில்லை என்பார்கள். இதில் பாதியைத்தான் நான் ஒப்புக்கொள்வேன். நினைவகத்தைத் துழாவுகிற ஃபர்ம்வேரை என்றாவது ஒருநாள் யாராவது பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். திட்டமிட்டுச் செய்த மோசமான ரேண்டம் எண்ணோ பார்வைக்கு நல்லதைப் போலவே இருக்கும்; அது விட்டுச் செல்லும் தடயம் சொற்பம். அதனால்தான் லினக்ஸ், கலப்பதையும் கணக்கில் வரவு வைப்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. வன்பொருளும் ஃபர்ம்வேரும் தருவதைக் குளத்தில் எப்போதும் கலக்கும். ஆனால் அதை நம்பி ‘குளம் நிறைந்தது’ என்று எழுதிக்கொள்வதா வேண்டாமா என்பது, 2018ல் வந்த 4.19 பதிப்பிலிருந்து, கணினியை நிர்வகிப்பவர் தேர்ந்தெடுக்கக்கூடிய விருப்பம்.

மேகக் கணினிகளுக்கு வந்தால் இந்தச் சிறிய ஆவணத்தின் பயன் இன்னும் துலங்குகிறது. மெய்நிகர் கணினிக்கு வன்பொருளே கிடையாது. ஒரே பிம்பத்திலிருந்து நூறு நகல்கள் ஒரே நொடியில் எழுகின்றன. முதலில் சொன்ன ரவுட்டர் கதைதான், இன்னும் தீவிரமாக. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம், அதே 5.12 பதிப்பிலிருந்து, விருந்தினர் கெர்னல்கள் கேட்கும் இதே கேள்விகளுக்குத் தானே பதில் சொல்கிறது. கேட்கும் கட்டளை மட்டும் எஸ்எம்சிக்குப் பதில் எச்விசி. எண்கள், பிழைச் சொற்கள் எல்லாம் அதேதான். பதிலாக வரும் பிட்டுகள் வருவது வீட்டுக்காரக் கெர்னலின் குளத்திலிருந்து. கேட்கும் கெர்னலுக்குத் தான் உண்மையான சிப்பில் இருக்கிறோமா வாடகை வீட்டில் இருக்கிறோமா என்று தெரியவேண்டிய அவசியமில்லை. கெர்னலை ஏற்றிவைக்கும் யூ-பூட் போன்ற பூட்லோடர்களும் இதே கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டன. பூட்லோடர் கெர்னலுக்குக் கைமாற்றும் தகவல் ஏட்டில் ஒரு விதையையும் எழுதி அனுப்பினால், நினைவகத்தில் தான் குடியேறும் இடத்தையே கெர்னல் அதைக்கொண்டு மாற்றியமைக்கும். படித்து முடித்ததும் அந்த இடத்தை அழித்தும் விடும்.

ஆர்ம் வி8.5லிருந்து பிராசஸருக்குள்ளேயே ரேண்டம் எண் தரும் இரண்டு ரெஜிஸ்டர்கள் வந்துவிட்டன: ஆர்என்டிஆர், ஆர்என்டிஆர்ஆர்எஸ். இனி ஃபர்ம்வேரிடம் போய் நிற்க வேண்டாமே என்று தோன்றும். பழைய சிப்புகள் கோடிக்கணக்கில் புழக்கத்தில் இருக்கின்றன என்பது ஒரு பதில். இன்னொரு பதில் லினக்ஸின் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. விதை வேண்டியபோது, இரண்டும் இருக்கும் கணினியிலும் கெர்னல் முதலில் ஃபர்ம்வேரைத்தான் கேட்கிறது. ஆர்என்டிஆர்ஆர்எஸ் தருவது புதிதாக விதைத்த ஒரு கணக்கீட்டு உற்பத்தியின் விளைச்சல்; ஃபர்ம்வேர் தருவதாக ஒப்புக்கொண்டதோ வன்பொருளின் என்ட்ரோபி. விதை நெல்லையும் விளைந்த நெல்லையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது என்ற கவனம் அது.

ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த பிராசஸர் கட்டமைப்பின் வடிவமைப்பாளர்கள் பின்னால் வந்ததால் இதையெல்லாம் பார்த்துக் கற்றிருக்கிறார்கள். 2021ல் ஏற்கப்பட்ட அவர்களுடைய விதை ரெஜிஸ்டர் ஒரு முறைக்கு 16 பிட் மட்டுமே தரும்; கூடவே தன் நிலையையும் சொல்லும். நான்கு நிலைகள்: என்னைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன், பொறு, இதோ 16 பிட், செத்துவிட்டேன். ஊற்று பழுதானால் அதை ஒளிக்காமல் சொல்ல ஒரு தனி நிலை வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆர்ம் பக்கம் ‘இப்போது இல்லை’ என்ற பதிலைக் கெர்னல் எப்படி எடுத்துக்கொள்கிறது? விழித்தெழும் நேரத்தில் என்றால் அடம் பிடிப்பதில்லை. பிராசஸரின் சொந்த ரெஜிஸ்டரைப் பார்க்கும், அதுவும் இல்லையென்றால் மற்ற வழிகளுக்குப் போகும். எழுந்து நின்றபின், இந்தச் சேவையையே ஒரு ரேண்டம் எண் கருவியாக நடத்தும் டிரைவர் இருக்கிறது. அது பொறுமைசாலி. ‘இல்லை’ என்று வந்தால் மற்ற வேலைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும், திரும்பி வந்து கேட்கும், மறுபடியும் ஒதுங்கும். 20 முறை கேட்டும் கிடைக்கவில்லையென்றால், அதுவரை சேர்ந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, இவ்வளவுதான் கிடைத்தது என்று எண்ணிக்கையோடு ஒப்படைத்துவிட்டுப் போகிறது.